கடை உனது, கதவு அவனது!

"ஒரே தளத்தை நம்பி இராதே! அமேசானில் ஒரு கடை, பிளிப்கார்ட்டில் ஒரு கடை, மீஷோவில் ஒரு கடை, உன் சொந்த இணையதளத்தில் ஒரு கடை. நான்கு திசையிலும் கடை விரி, நான்கு திசையிலிருந்தும் செல்வம் வந்து குவியும்!" இப்படியோர் உபதேசம், தோழர்களே, இன்று ஊர்தோறும் நடந்து வருகிறது. குளிரூட்டிய கூடங்களிலே கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துகின்றனர். கைப்பேசித் திரையிலே காசு வாங்காமலும் நடத்துகின்றனர். கேட்பவன் யார்? வேலை கிட்டாத பட்டதாரி, தறியை விற்றுவிட்ட நெசவாளியின் மகன், வீட்டிலே ஊறுகாய் போட்டு விற்கும் தாய், கடைவீதியில் வாடிக்கை வற்றிப்போன சிறு வணிகன். உபதேசித்தவர் மாலையையும் காசையும் பெற்றுக்கொண்டு மேடையைவிட்டு இறங்கிப் போகிறார். கடை விரித்தவன் படும் பாட்டை அவர் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

பார்ப்போம் நாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இணையவழி வணிகத்தையே இழுத்து மூடு என்று முழங்கும் சில நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கரூரிலே நெய்த படுக்கை விரிப்பு, மூன்று தரகர் கை மாறாமல் குவகாத்தியில் ஒரு வீட்டுக் கட்டிலுக்குப் போய்ச் சேருகிறது என்றால், அதிலே மகிழ்ச்சி அடையாதவன் நெசவாளியின் நண்பன் அல்லன். இன்று இணையவழி வணிகத்தால் எங்கள் வாழ்வே போயிற்று என்று கண்ணீர் வடிக்கும் கடைமுதலாளிகளில் சிலரும் உத்தமர்கள் அல்லர். நாளெல்லாம் நின்று நின்று கால் வீங்கிய கடைப் பெண்ணுக்கு உட்கார ஓர் இருக்கை கொடு என்பதற்கே 2021-இல் தமிழ்நாட்டிலே சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்ததே! ஆகவே, பழைய கடைவீதி பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. கருவியின்மீது எனக்குக் கோபமில்லை. கருவியின் கைப்பிடி எவன் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மேடை என்றால் நமக்குத் தெரியும். நாடகக் குழு நடத்தியவன் நான். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவனுக்குப் பொருளாதாரம் ஏது என்று கேட்போர் கேட்கட்டும், கொட்டகைக் கணக்கு எனக்குப் பொருளாதாரம் கற்பித்தது. கொட்டகைக்காரன் வாடகை வாங்குவான், விளக்குக்குத் தனி, ஒலிபெருக்கிக்குத் தனி. ஆனால் அவன் என் நாடகத்தை நான் நடத்திக்கொண்டிருக்கும்போதே குறிப்பெடுத்து, மறுவாரம் அதே கதையைத் தன் ஆட்களை வைத்து, முன்வாயிலில் பெரிய தட்டி கட்டி நடத்தியதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவர் யார் யார் என்பதை என்னிடமிருந்து மறைத்ததும் இல்லை. இணையத் தளங்கள் என்னும் இந்தப் புதிய கொட்டகைகளிலே நம் இளைஞன் ஒரே இரவில் நான்கு மேடைகளில் ஒரே வேடத்தை ஆட வேண்டும். நான்கு இடத்திலும் திரை ஒரே நேரத்தில் தூக்கப்படும். ஒரு மேடையில் வசனம் தவறினால் அபராதம்!

மிகையாகச் சொல்கிறேன் என்பீர்கள். சரி, கணக்குக்கு வாருங்கள். கரூரிலே ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் ஒரு நிறத்திலே நாற்பது விரிப்புகள் இருக்கின்றன. நான்கு தளங்களிலும் 'நாற்பது இருப்பு' என்று காட்டுகிறான். நூற்று அறுபது விரிப்பு உள்ளதாக உலகம் காண்கிறது. பண்டிகைத் தள்ளுபடி நாள் வருகிறது. காலையில் ஒரு தளத்திலே இருபத்தைந்து ஆர்டர், அதே வேளையில் இன்னொன்றிலே இருபது. இருப்பது நாற்பது, கேட்டது நாற்பத்தைந்து. ஐந்து பேருக்கு அவனே 'இல்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னால், 'விற்பனையாளரே ரத்து செய்தார்' என்று அவன் பெயரில் புள்ளி விழும். விழுந்த புள்ளி ஏறினால் அவன் பொருள் தேடல் பக்கத்தின் அடியிலே போய் ஒளியும். இன்னும் ஏறினால் கணக்கையே முடக்குவார்கள்.

சரி, நான்கு தளத்துக்கும் பத்துப் பத்தாகப் பிரித்து வைக்கலாமே என்பீர். பிரித்தான். ஒரு தளத்தில் பத்தும் முதல் மணி நேரத்தில் தீர்ந்தன. 'இருப்பு இல்லை' என்ற சொல் விழுந்தது. சேர்த்து வைத்திருந்த தரவரிசை சரிந்தது. மற்ற மூன்றிலும் முப்பது விரிப்புகள் மடிப்புக் கலையாமல் படுத்திருக்கின்றன. ஆகவே நான்கு தளத்தின் இருப்பையும் ஒரே நொடியில் ஒன்றாக்கிக் காட்டும் மென்பொருள் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறான். கொட்டகை வாடகை நான்கு. அவற்றுக்கிடையே ஓடும் வண்டிக்கு வாடகை ஒன்று. ஐந்து!

ஒரே விரிப்புக்கு அமேசான் ஓர் எண் தரும், பிளிப்கார்ட் வேறோர் எண் தரும். அளவைக் குறிப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, படத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு விதி. பார்சலின்மேல் ஒட்டும் சீட்டும் தளத்துக்குத் தளம் மாறும். மாலை வண்டி வரும் நேரமும் மாறும். சீட்டு மாறி ஒட்டினால் சேலத்துக்குப் போக வேண்டியது சிலிகுரிக்குப் போகும், பழி ஒட்டியவனுக்கு.

போன பொருள் போனதாகவும் இருப்பதில்லை. 'ஆர்.டி.ஓ.' என்றால் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகம் என்றுதான் நாம் அறிவோம். இந்த வணிகத்திலே அந்த மூன்றெழுத்துக்குப் பொருள் வேறு: அனுப்பிய பார்சல், வாங்குவோர் கதவு திறக்காமலோ, பணம் தர மனமில்லாமலோ, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. வீட்டு வாசலில் பணம் என்னும் முறை நம் நாட்டிலே பரவலாக இருப்பதால் இது அன்றாட நிகழ்ச்சி. வாங்கிப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவது இன்னொரு வகை. அதிலே புதிய விரிப்புக்குப் பதில் பழங்கந்தல் திரும்பி வருவதும் உண்டு. அதை மெய்ப்பிக்க, திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலையும் படம் பிடித்துக்கொண்டே பிரிக்கிறார்கள் நம் வணிகர்கள். நெசவுக்கூடத்திலே நிழற்படக் கூடம்! கொள்ளை போனவனே கொள்ளைக்குச் சாட்சியும் தேட வேண்டும். தீர்ப்பு மட்டும் தளத்தின் கையில்.

இனி, வரிக்கதை. கரூர்க் கடைவீதியிலே உட்கார்ந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே துணி விற்பவனுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் தளத்தின் வழியாக ஒரே ஒரு துண்டைப் பெங்களூருக்கு அனுப்பினால் போதும், பதிவு கட்டாயம்! முன்பெல்லாம் தளத்தில் விற்பதென்றாலே, பக்கத்துத் தெருவுக்கு விற்றாலும் பதிவு வேண்டும்; 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்துதான் மாநிலத்துக்குள்ளே விற்கும் சிறியவர்களுக்கு விலக்கு வந்தது. எல்லை தாண்டிய துண்டுக்கு விலக்கு இல்லை. 'ஒரே நாடு, ஒரே சந்தை' என்று முழங்கியவர்களைக் கேட்கிறேன்: நாற்பது லட்சத்துக்குக் கடைவீதியில் கிடைக்கும் நிழல், நானூறு ரூபாய்த் துண்டுக்கு இணையத்திலே கிடைக்காதது ஏன்?

தளத்தின் கிடங்கிலேயே சரக்கை வைத்துவிடு, அவர்களே கட்டி அனுப்புவார்கள் என்று உபதேசிகள் சொல்வர். வைக்கலாம். ஆனால் அந்தக் கிடங்கு ஹரியானாவில் இருந்தால் ஹரியானாவிலே ஒரு பதிவு, மகாராஷ்டிரத்தில் இருந்தால் அங்கே ஒரு பதிவு, அந்தந்த மாநிலத்துக்குத் தனித்தனிக் கணக்கு. இந்தப் பதிவுமுறையை எளிதாக்கக் கொள்கையளவில் இசைவதாக ஜி.எஸ்.டி. மன்றம் 2025 செப்டம்பரில் சொல்லிற்று, சொன்னதற்கு நன்றி. இதற்கிடையே தளம் தன் பங்குக்குப் பிடிப்பவை வேறு. விற்பனையில் ஒரு விழுக்காடு ஜி.எஸ்.டி. பிடித்தம் 2018 அக்டோபரில் தொடங்கியது, 2024 ஜூலையில் அரை விழுக்காடாயிற்று. வருமானவரிப் பிடித்தம் 2020 அக்டோபரில் ஒரு விழுக்காடாகப் பிறந்து, 2024 அக்டோபரில் 0.1 ஆகச் சுருங்கிற்று. குறைத்தது நல்லதே. ஆனால் நான்கு தளங்களின் நான்கு பிடித்தப் பட்டியலையும் வங்கியில் விழுந்த தொகையோடு ஒப்பிட்டு, தரகு எவ்வளவு, அனுப்புகூலி எவ்வளவு, திரும்பி வந்ததற்கு மீண்டும் எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்தறிய இரவு இரண்டு மணி ஆகிறது. விரிப்பு விற்றவனுக்கு விரித்துப் படுக்க நேரமில்லை!

"தரகையே எடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன புலம்பல்?" என்று கேட்பார் உண்டு. ஆம், மீஷோ 2021-இல் தரகு இல்லை என்றது. அமேசானும் 2025 ஏப்ரலில், 300 ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட பொருள்கள் பலவற்றுக்குத் தரகை நீக்கிற்று. மறைக்கவில்லை நான். ஆனால், சந்தைக்குள் நுழையக் கட்டணமில்லை என்று தட்டி எழுதிவிட்டு, முன்வரிசையில் பாய் விரிக்க ஏலம் விட்டால் அதற்குப் பெயர் தருமமா? விளம்பரம் என்ற பெயரால் ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏலம் போகிறது. 'பருத்தி விரிப்பு' என்று தேடுபவன் கண்ணில் முதலில் பட வேண்டுமா? கூடுதலாகக் கேட்பவனுக்கே இடம். கரூர்க்காரனும் கரூர்க்காரனும் ஒருவனை ஒருவன் முந்த ஏலம் கேட்கிறார்கள். ஏலக்காசு போய்ச் சேருவது கரூருக்கு அல்ல.

இப்போது உபதேசிகளின் மூலமந்திரத்துக்கு வருவோம். "நான்கு தளத்தில் இருந்தால் நீ சுதந்திரமானவன். ஒருவன் கட்டணத்தை ஏற்றினால் இன்னொருவனிடம் போகலாம்." கேட்க இனிக்கிறது. அந்த இளைஞன் தன் சொந்த இணையதளத்திலே, தரகு இல்லாத காரணத்தால், அறுநூறு ரூபாய் விரிப்பை ஐந்நூற்று நாற்பதுக்குக் கொடுக்க நினைக்கிறான் என்று கொள்ளுங்கள். நினைக்கலாம். செய்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் அந்நாட்டு அரசின் வணிக ஆணையமும் 17 மாநிலங்களும் சேர்ந்து அமேசான்மீது வழக்குத் தொடுத்தன. குற்றச்சாட்டு என்ன? வேறிடத்தில் மலிவாக விற்பவனின் பொருளைத் தேடலிலே புதைக்கிறார்கள் என்பது. தரகு, கிடங்குக் கூலி, விளம்பரம் எல்லாம் சேர்ந்து பல விற்பனையாளர்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுபோகிறது என்பது. அமேசான் மறுக்கிறது, வழக்கு நடக்கட்டும். ஆனால் 'வேறெங்கும் குறைந்த விலைக்கு விற்காதே' என்ற நிபந்தனையை அதே நிறுவனம் ஐரோப்பாவில் 2013-லும், அமெரிக்காவில் 2019-லும் ஒப்பந்தத்திலிருந்து நீக்கியது என்பதை எவரும் மறுக்க முடியாது. இல்லாததை நீக்க முடியுமா? தாளிலிருந்து நீங்கியது இயந்திரத்திலிருந்து நீங்கிற்றா என்பதுதான் அமெரிக்க வழக்கின் உயிர்நாடி.

இதன் விளைவை வாங்குபவனும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'எங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது, வணிகர் சண்டை நமக்கெதற்கு' என்று இருக்கும் நல்லவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பெரிய தளம் கட்டணத்தை ஏற்றுகிறது. விற்பவன் அங்கே விலையை ஏற்றுகிறான். மற்ற இடத்திலே குறைத்துக் கொடுத்தால் பெரிய தளத்தில் புதைக்கப்படுவான். ஆகவே அங்கும் ஏற்றுகிறான். தன் சொந்த வாசலிலும் ஏற்றுகிறான். பெரிய தளத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனும் அதன் கட்டணத்தைச் செலுத்துகிறான், அறியாமலே! நான்கு கடை விரித்தவன் நான்கு எசமானரிடம் போகவில்லை; மூன்று கடையிலும் ஒரே எசமானனின் விலைப்பட்டியலைத் தொங்கவிட்டிருக்கிறான்.

எசமானனும் சும்மா வாடகை வாங்கிக்கொண்டு திண்ணையில் இருக்கிறானா? நம் நாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்நிய முதலீட்டில் நடக்கும் தளம் தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது. விற்பவனையும் வாங்குபவனையும் கூட்டுவிக்கும் சந்தையாக மட்டும் இருக்கலாம் என்று 2016 மார்ச்சில் விதி வந்தது. தளத்துக்குப் பங்குள்ள நிறுவனமே அத்தளத்தில் விற்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் இன்னொரு விதி வந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு ஏறிற்று. ஏன் அந்த இரண்டாவது பூட்டு வேண்டியிருந்தது? முதல் பூட்டுக்குப் பின்வாசல் இருந்ததால்! கிளவுட்டெயில் என்றொரு விற்பனையாளர் இருந்தது; அமேசானும், நாராயண மூர்த்தியின் கட்டமரான் நிறுவனமும் சேர்ந்து நடத்திய கூட்டின் குழந்தை. புதிய விதி வந்ததும் பங்கைக் குறைத்துக்கொண்டார்கள்; குழந்தை தொடர்ந்து விளையாடிற்று. 2022 மே மாதத்தோடுதான் அந்தக் கூட்டு முடிவுக்கு வந்தது.

ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2021 பிப்ரவரியில், அமேசானின் உள் ஆவணங்களைக் கண்டதாகக் கூறி ஒரு கணக்கை வெளியிட்டது. 2019-இன் தொடக்கத்திலே இந்தியாவில் அந்தத் தளத்திலிருந்த விற்பனையாளர் நான்கு லட்சத்துக்கு மேல். விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எத்தனை பேர் கையில்? முப்பத்தைந்து பேர் கையில்! நான்கு லட்சம் பேருக்கு மிச்சம் மூன்றில் ஒன்று. உபதேசக் கூடங்களிலே இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் கூடம் பாதி காலியாகியிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு செய்தி: நன்றாக ஓடும் பொருள்களின் விற்பனைத் தகவலைப் பார்த்து, அவற்றைப் போலவே செய்து, 'சோலிமோ' போன்ற சொந்தப் பெயர்களில் விற்கவும், தேடலில் அவற்றை மேலே ஏற்றவும் திட்டமிட்டார்கள் என்று. அமேசான் மறுத்தது. மறுக்கட்டும். ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் என்ன எழுதிக்கொடுத்தது? விற்பனையாளரின் வெளிவராத தகவலைத் தன் சொந்தச் சில்லறை வணிகத்துக்குப் பயன்படுத்தமாட்டோம் என்றும், 'பை பாக்ஸ்' எனப்படும் அந்த வாங்கு-பொத்தானை ஒதுக்குவதில் எல்லோரையும் சமமாக நடத்துவோம் என்றும் எழுதிக்கொடுத்தது. ஒரு பொருளைப் பத்துப்பேர் விற்றாலும் பொத்தான் ஒருவனுக்கே. அதைப் பெறாதவன் கடை திறந்திருந்தும் மூடியதே. பாரிசுக்காரனுக்கு எழுதிக்கொடுத்ததைப் பரமத்திக்காரனுக்கு எழுதிக்கொடுத்தால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

நம் நாட்டின் போட்டி ஆணையம் தூங்கவில்லை, நடக்கவும் விடவில்லை. டெல்லி வணிகர் அமைப்பின் முறையீட்டின் பேரில் 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட் இரண்டின்மீதும் விசாரணைக்கு ஆணையிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றத்தில் தடை. 2021 ஜூனில் தடை நீங்கிற்று. ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. விசாரணை அறிக்கை முடிந்தது 2024-இல். விருப்பமான விற்பனையாளர்க்குச் சலுகை காட்டினர் என்று அது கண்டதாகச் செய்தி வந்தது. உடனே பல உயர்நீதிமன்றங்களிலே வழக்கு மேல் வழக்கு. 2025 ஜனவரியில் அவற்றையெல்லாம் கர்நாடகத்துக்கே அனுப்பிவைத்தது உச்சநீதிமன்றம். ஆணையிட்ட நாளிலிருந்து அதுவரை ஐந்து தீபாவளி! ஐந்து தீபாவளிக்கும் தள்ளுபடித் திருவிழா தவறவில்லை. கரூர் இளைஞன் மட்டும் எத்தனை பேர் கடையை மடித்தானோ, அதற்கு வழக்கு எண் கிடையாது.

அரசினரும் ஒரு மாற்று கண்டார்கள்: ஓ.என்.டி.சி. 2021-இன் கடைசி நாளில் பதிவான நிறுவனம். ஓரிடத்தில் பட்டியலிட்டால் பல செயலிகளில் தெரியும் என்னும் எண்ணம் உண்மையிலேயே நல்ல எண்ணம். நான்கு மேடை நோய்க்கு அது மருந்துதான். ஆனால் பாதை போட்டுவிட்டு, பாதையில் கொள்ளையடிப்பவனை விட்டுவைத்தால், பயணி பழைய பாதையிலேதான் போவான். பெருந்தளங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்தும் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு 2024 மார்ச்சில் வெளிவந்தது. பெருநிறுவனங்கள் கையை உயர்த்தி எதிர்த்தன. அதன்பின் வேகம் தளர்ந்தது.

நாம் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. ஐரோப்பாவிலே 2020 ஜூலை 12 முதல் நடப்பில் இருக்கிறது ஒரு சட்டம். விற்பனையாளரின் கணக்கை மூடுவதானால், தனி விலக்குகள் நீங்கலாக, முப்பது நாள் முன்னே காரணத்தோடு எழுதித் தர வேண்டும். நிபந்தனையை மாற்றுவதானால் பதினைந்து நாளேனும் முன்னே சொல்ல வேண்டும். எந்தப் பொருள் மேலே வரும், எது கீழே போகும் என்பதற்கான முதன்மைக் காரணங்களை வெளியிட வேண்டும். அதே ஜூலையிலே நம் நாட்டில் வாங்குபவனைக் காக்கும் இணைய வணிக விதிகள் வந்தன, வரவேற்றோம். விற்பவனைக் காக்கும் மறுபாதி எங்கே? ஓர் அரசு ஊழியனை நீக்க விளக்கம் கேட்கும் தாள் வேண்டும். ஒரு குத்தகைக்காரனை வெளியேற்ற அறிவிப்பு வேண்டும். பத்துப் பெண்கள் கட்டும் வேலை செய்யும் ஒரு கடையை இரவோடிரவாக மூட, 'கொள்கை மீறல்' என்னும் இரண்டு சொல் போதுமா? எந்தக் கொள்கை? எப்போது மீறினான்? கேட்டால் பதில் சொல்வது மனிதனா, பொம்மையா என்பதுகூடத் தெரிவதில்லை.

கரூர், திருப்பூர், ஈரோடு, சேலம், மதுரைக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியிலே இணையத்தில் விற்போரைத் தேடிப் போய்ப் பாருங்கள். மாடியறையிலே, கொல்லைப்புறக் கொட்டகையிலே, பார்சல் மூட்டைகளுக்கு நடுவே இருப்பார்கள். கடந்த பண்டிகை மாதத்தில் ஒவ்வொரு தளமும் தந்த பிடித்தப் பட்டியலை, பெயரையும் முகவரியையும் அடித்துவிட்டு, படியெடுத்துத் தரச் சொல்லுங்கள். கணக்கு முடக்கப்பட்டவர் இருந்தால், வந்த அறிவிப்பின் வாசகத்தை அப்படியே எழுதி வாங்குங்கள். விற்ற தொகை நூறு என்றால் கைக்கு வந்தது எவ்வளவு என்ற ஒரே கேள்விக்கு விடை எழுதி, மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உபதேசியின் கூடத்திலே ஒரு நாள் முன்வரிசையில் போய் உட்காருவோம், அந்தத் தாள்களோடு.